கோட்டக்குப்பத்து உணவகங்களும் கிளியனூர்க் கடைகளும்

வணிகப் பாடம்

ஒரு ஊர் வளர்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? புதிய வீடுகளைச் சொல்வார்கள், வங்கிக் கிளைகளைச் சொல்வார்கள். வணிகனின் கண்ணுக்கு வேறொரு அடையாளம் முதலில் படும். வெளியூர்க்காரர் அந்த ஊரில் வண்டியை நிறுத்திச் சாப்பிடத் தொடங்கிவிட்டாரா என்பதே அது. உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிடுவார். வெளியூர்ப் பணம் ஊருக்குள் இறங்கும் முதல் வாசல் உணவகம்தான்.

நமது கிளியனூரிலிருந்து முக்கால் மணி வண்டிப் பயணத்தில் அப்படி ஒரு ஊர் நம் கண்ணெதிரே வளர்ந்து நிற்கிறது. அதுதான் கோட்டக்குப்பம். அந்த ஊர் எப்படி வளர்ந்தது, அதன் அடுப்புகளுக்கு என்ன சரக்கு தேவை, அந்தச் சரக்கில் நம் கடைகளின் பங்கு என்ன ஆக முடியும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஊரின் நிலை

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. இரண்டுக்கும் நடுவே வயலும் இல்லை, வெளியும் இல்லை. ஒரு கடையின் பலகையில் தமிழ்நாடு என்றும், சற்றுத் தள்ளி அடுத்த பலகையில் புதுச்சேரி என்றும் எழுதியிருக்கும். ஆட்சி முறையில் தமிழ்நாட்டு ஊர், அன்றாட வாழ்க்கையில் புதுச்சேரியின் புறநகர். இதுவே இந்த ஊரின் தனித்தன்மை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதன் மக்கள் தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதுவரை பேரூராட்சியாக இருந்த ஊர், 2021-ல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் நகராட்சியாக முதல் தேர்தலைச் சந்தித்தது. பழைய ஊரில் இஸ்லாமியப் பெருமக்கள் அதிகம். வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் குடும்பங்கள் பல. கடலோரத்தில் மீனவக் குப்பங்கள். வடக்கே சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி. அங்கிருந்து மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில்.

வளர்ச்சிக்கு நான்கு காரணங்கள்

முதல் காரணம் சாலை. சென்னையையும் புதுச்சேரியையும் கடலோரமாக இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை 1990-களில் ஒரே சாலையாக உருவெடுத்தது. 2002 முதல் சுங்கம் வசூலிக்கும் சாலையாகச் சீரமைக்கப்பட்டது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் வருகிறவர் நகருக்குள் நுழையும் முன் கடக்கும் கடைசித் தமிழ்நாட்டு ஊர் கோட்டக்குப்பம். பயணக் களைப்பும் பசியும் சேர்ந்து வருகிற இடம்.

இரண்டாவது காரணம் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட அந்த நகரம் உலகின் பல நாட்டாரையும் இங்கே குடியமர்த்தியது. அதைப் பார்க்க வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. ரொட்டி, பாலாடைக் கட்டி, பீட்சா, காப்பி என்று நம் பகுதிக்குப் புதிய உணவுகள் ஆரோவில் சாலையில் வேர்விட்டது இதனால்தான்.

மூன்றாவது காரணம் புதுச்சேரியின் நெருக்கடி. விடுமுறை நாட்களில் நகருக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கடை வாடகையும் அதிகம். ஆகவே விடுதிகளும் உணவகங்களும் வடக்கே நகர்ந்தன.

நான்காவது காரணத்தை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. புதுச்சேரிப் பக்கம் மதுக்கூடத்தோடு சேர்ந்த உணவகங்கள் ஏராளம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சட்டம். இங்குள்ள பெரும்பாலான உணவகங்கள் சாப்பாட்டை மட்டுமே நம்பிக் கடை நடத்த வேண்டும். இது குறை என்று தோன்றும். ஆனால் பெண்களோடும் பிள்ளைகளோடும் வருகிற குடும்பத்தார் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் தேடுகிறார்கள். அந்தக் கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. குறையே முதலாக மாறிய கதை இது.

மூன்று வகை உணவகம், மூன்று வகைச் சிட்டை

கோட்டக்குப்பத்து உணவகங்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். சரக்கு விற்கப் போகிறவருக்கு அந்தப் பொதுப் பேச்சு உதவாது. அங்கே மூன்று வகை உண்டு. மூன்றின் சரக்குச் சிட்டையும் வேறு வேறு.

பழைய ஊருக்குள் இருப்பவை பிரியாணிக் கடைகள், பரோட்டாக் கடைகள், தேநீர்க் கடைகள். இவற்றின் வாடிக்கையாளர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். அரிசி, மைதா, எண்ணெய், வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, ஆட்டிறைச்சி, கோழி ஆகியவை முக்கியச் சரக்கு. அளவு நாளுக்கு நாள் அதிகம் மாறாது. ரமலான் மாதத்தில் மட்டும் கணக்கு தலைகீழாகும். பகலில் அடுப்பு அணைந்திருக்கும், மாலையிலிருந்து இரவு வரை வியாபாரம் கொழிக்கும். நோன்புக் கஞ்சிக்கான நொய், பாசிப்பருப்பு, பேரீச்சம்பழம் எல்லாம் அந்த மாதத்துக்கு முன்பே இருப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, கடற்கரைச் சாலையோரத்துக் குடும்ப உணவகங்கள். சாப்பாடு, மீன் வறுவல், இறால் தொக்கு, இரவில் தந்தூரி. இவற்றுக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரைதான் உயிர்நாடி. திங்கட்கிழமை நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். டிசம்பர் கடைசி வாரமும் கோடை விடுமுறையும் உச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவு.

மூன்றாவது வகை ஆரோவில் சாலையின் சிற்றுண்டிச் சாலைகளும் அடுமனைகளும். வரகு, சாமை, தினை, நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், பழங்கள், கீரைகள், காளான் என்று இவர்கள் கேட்பார்கள். அளவு குறைவு, தரத்தில் கண்டிப்பு அதிகம். ரசாயன உரம் போடாதது என்று சொல்லி விற்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஒருமுறை பொய் தெரிந்தால் அந்தச் சாலையில் நமக்கு மறுமுறை இடமில்லை.

இதிலிருந்து பெறும் முதல் பாடம்: வாரம் ஏழு நாளும் ஒரே அளவு சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரி முதல் வகைக்கே பொருந்துவார். இரண்டாம் வகைக்கு வெள்ளிக்கிழமை இரட்டை வண்டி வேண்டும். மூன்றாம் வகைக்குச் சிறு பொட்டலமும் பெரிய நம்பிக்கையும் வேண்டும்.

நம் பக்கத்துச் சரக்கு என்ன?

நம்மிடம் விற்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் தன் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நிலக்கடலையில் டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களின் பெயரே திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. கோடையில் தர்பூசணி நம் வயல்களிலிருந்தே லாரி லாரியாகப் போகிறது. விறகடுப்புப் பிரியாணிக்கும் தந்தூரிக் கரிக்கும் சவுக்குத் தோப்புகள் அருகில். மரக்காணம் கடலிலும் கழுவெளியிலும் மீன், இறால், நண்டு. நெல்லும் உண்டு, நெல் அரைக்கும் ஆலைகளும் உண்டு.

மரக்காணத்து உப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உப்பளம் பக்கத்தில் இருக்கிறது, மூட்டையை நேரே சமையலறையில் இறக்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மனிதர் நேரடியாக உண்ணும் உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கருவாட்டுக்கும், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கும் போகிற உப்பு வேறு. சமையலுக்குப் போகிற உப்பு வேறு. இரண்டையும் ஒரே கிடங்கில் கலந்து வைப்பது அபராதத்துக்கு வழி.

எல்லை யாருக்குச் சாதகம்?

கோட்டக்குப்பத்து உணவகக்காரருக்குப் புதுச்சேரியின் பெரிய மார்க்கெட் கூப்பிடு தூரம். நாம் இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தூரத்தை மட்டும் பார்த்தால் நாம் தோற்றவர்கள். ஆனால் வரிச் சட்டத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு வணிகரும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

விற்பனை வரிக் காலத்தில் இரு பக்கமும் வரி விகிதம் வேறு வேறாக இருந்தது. எல்லை தாண்டினால் விலை மாறும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு விகிதம் ஒன்றாகிவிட்டது. ஆனால் எல்லை மறையவில்லை. தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு அனுப்பினாலும், அங்கிருந்து இங்கே அனுப்பினாலும், அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைதான்.

இதன் விளைவுகள் மூன்று.

1. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வணிகர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. முத்தியால்பேட்டை உணவகத்துக்கு அவர் அனுப்பக் கூடாது. அதற்கு முன்னால் இருக்கும் கோட்டக்குப்பத்து உணவகத்துக்குத் தாராளமாக அனுப்பலாம்.

2. தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை உள்ள சரக்கு வணிகர், மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பொதுவாகப் பதிவு பெறத் தேவையில்லை. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். வரிக்குட்பட்ட சரக்கை மாநிலம் தாண்டி விற்றால் விற்பனை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும்.

3. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் வேண்டியதில்லை. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும்.

ஆக, எல்லைக்கு அப்பால் உள்ள சிறு வியாபாரி கோட்டக்குப்பத்துக்கு முறைப்படி சரக்கு அனுப்புவதைவிட, கிளியனூர்ச் சிறு வியாபாரி அனுப்புவது எளிது. சட்டம் நமக்குத் தந்திருக்கும் இந்த வசதியை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

இன்னொரு செய்தி. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்கள் 5 சதவீத வரி கட்டுகின்றன. ஆனால் தாம் வாங்கும் சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. நாம் பில்லில் போடும் வரி முழுவதும் அவர்களுக்குச் செலவு. அதனால்தான் அவர்கள் விலையை அவ்வளவு துருவிக் கேட்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி உண்டு. அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு இல்லை. உணவகத்துக்கு 25 கிலோ சிப்பத்தை அனுப்புகிறவர் வாடிக்கையாளரின் தலையில் தேவையில்லாத வரியை ஏற்றுகிறார். 26 கிலோ சிப்பமோ பெரிய மூட்டையோ அனுப்புகிறவர் அவரது பணத்தை மிச்சப்படுத்துகிறார். இதை நாமே எடுத்துச் சொன்னால் அந்த ஓட்டல்காரர் நம்மை வியாபாரியாக மட்டும் பார்க்க மாட்டார், ஆலோசகராகவும் பார்ப்பார்.

கடன் என்னும் பள்ளம்

உணவக வியாபாரத்தில் சரக்கு விற்பது எளிது, பணம் வாங்குவதே வித்தை. ஓட்டல்காரர் தன் வாடிக்கையாளரிடம் கையோடு காசு வாங்குகிறார். நமக்கோ மாதக் கடைசியில் தருகிறேன் என்கிறார். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு உணவகம் தினமும் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் கடன் கொடுத்தால் நிலுவை 1,20,000 ரூபாய். நமக்கு நிகர லாபம் நூற்றுக்கு நான்கு. அந்த உணவகம் ஒருநாள் காலை பூட்டிக் கிடந்தால், போன பணத்தை ஈட்ட நாம் 30 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் செய்தாக வேண்டும். அதே அளவுள்ள இன்னொரு உணவகத்துக்கு 750 நாள் சரக்குப் போட வேண்டும், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் சும்மா உழைக்க வேண்டும். கடனை ஏழு நாளோடு நிறுத்தியிருந்தால் நிலுவை 28,000 ரூபாய். அதை 175 நாளில் ஈட்டிவிடலாம். வாரக் கணக்குக்கும் மாதக் கணக்குக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 2006-ம் ஆண்டின் சிறு தொழில் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தந்தது உண்மை. ஆனால் மொத்த, சில்லறை வணிகர்களை 2021 ஜூலையில் உத்யம் பதிவில் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே சேர்த்தார்கள். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அதில் இல்லை. பதிவுச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் பணம் வந்துவிடாது. நம் பேரேடும் நம் கண்டிப்பும்தான் நமக்குக் காவல்.

திங்கட்கிழமை வசூல் என்பதை ஒரு விதியாக வைத்துக்கொள்வது நல்லது. சனி, ஞாயிறு வியாபாரம் முடிந்து ஓட்டல்காரர் கையில் பணம் இருக்கும் நாள் அது. புதன்கிழமை போய்க் கேட்டால் அந்தப் பணம் வாடகைக்கோ கூலிக்கோ போயிருக்கும்.

கடலும் மழையும் சாலையும்

வளரும் ஊரை நம்பிச் சரக்குப் போடுகிறவர் அந்த ஊரின் ஆபத்துகளையும் தெரிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களில் கடலில் கல்கரைகள் கட்டப்பட்ட பிறகு, வடக்கே உள்ள கடற்கரை அரிக்கப்பட்டு வந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி போன்ற குப்பங்கள் இதனால் வீடும் மணலும் இழந்தன. மணல் இருக்கும் வரைதான் கடலோர உணவகத்துக்குக் கூட்டம். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டிய கட்டடம் என்றால் கடலுக்கு முன்பே அதிகாரிகள் வந்துவிடுவார்கள். முன்பணமோ நீண்ட கடனோ கொடுக்குமுன் கட்டடத்தின் அனுமதியை விசாரிப்பது தவறல்ல.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைத் தாக்கின. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கார்த்திகை மாதம் தரையில் மூட்டை அடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பலகை அடுக்கும் சரக்குக் காப்பீடும் செலவு அல்ல, முதலின் வேலி.

சாலையும் மாறப் போகிறது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை சுமார் 46 கிலோமீட்டர் நான்கு வழியாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. நான்கு வழிச் சாலை வந்தால் வண்டிகளின் வேகம் கூடும். வேகம் கூடினால் நிற்கும் இடங்கள் குறையும். திண்டிவனம்–புதுச்சேரிச் சாலை அகலமானதை நேரில் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாலையோர உணவகங்களில் எது ருசியாலும் பெயராலும் நிற்கிறதோ அது தொடரும்; வழியில் இருந்ததால் மட்டும் ஓடியது நின்றுபோகும். யாருக்கு எவ்வளவு கடன் என்பதை முடிவு செய்ய இதுவே உரைகல்.

ஆம்பூர் தரும் எடுத்துக்காட்டு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஆம்பூரை நினைத்துப் பாருங்கள். தோல் தொழிலில் பெயர் பெற்ற ஊர் அது. ஆனாலும் பிரியாணி என்றதும் தமிழ்நாட்டார் நாவில் முதலில் வரும் பெயர்களில் ஒன்று ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, ஆட்டிறைச்சி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கு என்ற மாறாத சேர்க்கை அது. பண்டம் மாறாதபோது சரக்கும் மாறாது. எந்த அரிசி, எந்த ரகம், எவ்வளவு பழையது என்பது அங்கே அரிசி விற்கிறவருக்கு மனப்பாடம். பெயர் சமையல்காரருக்குக் கிடைத்தாலும், தவறாமல் ஒரே தரத்தில் சரக்குப் போட்டவர்களின் பங்கு அதில் பாதி. கோட்டக்குப்பத்துக்கும் நாளை அப்படி ஒரு நிலைத்த பெயர் அமையலாம். அதற்குள் நம் தராசு அங்கே இடம் பிடித்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

தனி ஆளாக ஒரு கடைக்காரர் தினமும் வண்டி அனுப்பினால் டீசலுக்கும் சுங்கத்துக்குமே லாபம் போய்விடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே சரக்கு வண்டியில் அரிசி, எண்ணெய், காய்கறி, நிலக்கடலை, விறகு என்று அவரவர் சரக்கை ஏற்றினால் செலவு பங்காகும். அவரவர் பில் தனித்தனியாக இருக்கட்டும். வண்டி ஒன்றாக இருக்கட்டும்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமோ பதிவோ இல்லாமல் இந்த வியாபாரத்தில் இறங்க வேண்டாம். உரிமம் பெற்ற உணவகம், உரிமமோ பதிவோ உள்ளவரிடம்தான் கொள்முதல் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 2022 ஜனவரி முதல் உணவுப் பொருள் பில்லில் அந்த எண்ணை அச்சிட வேண்டும் என்பதும் விதி. எண் இல்லாத நம் பில் அவர்களுக்குத் தொல்லை. பிறகு ஏன் நம்மிடம் வாங்குவார்கள்?

காலை ஏழு மணிக்குச் சரக்கு இறங்க வேண்டும் என்றால் ஆறே முக்காலுக்கு இறங்கட்டும். சமையல்காரர் அடுப்பு மூட்டிவிட்டுக் காத்திருக்க மாட்டார். பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருக்கும்போது, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம்மை அவர் நம்ப வேண்டுமானால், விலையைவிட நேரமே பெரிய வாக்குறுதி.

மாதக் கூட்டத்தில் பேசுவதற்கான கேள்விகள்

1. நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் கோட்டக்குப்பத்துக்கோ ஆரோவில் சாலைக்கோ ஏற்கெனவே சரக்கு அனுப்புகிறார்கள்? வாரக் கடனா, மாதக் கடனா?

2. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களில் யாராவது தெரியாமல் புதுச்சேரிக்குச் சரக்கு அனுப்பி வருகிறார்களா? உடனே கணக்காளரைப் பார்த்தார்களா?

3. வெள்ளி, சனி இரு நாட்களுக்கு மட்டும் பொது வண்டி ஒன்றை மூன்று மாதம் ஓட்டிப் பார்க்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

4. பணம் தராமல் கடையை மூடிப் போனவரின் விவரத்தை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தெரிவிக்க என்ன ஏற்பாடு?

பக்கத்து ஊர் வளர்ந்தால் நமக்கும் தானாக வந்து சேரும் என்று காத்திருந்த ஊர்கள் பல. வந்து சேர்ந்தது வண்டிப் புகை மட்டுமே. கோட்டக்குப்பத்தில் எரியும் ஒவ்வொரு அடுப்புக்கும் நாளை காலை அரிசி வேண்டும். அதை யார் கொண்டுபோய் இறக்குவது என்பது இன்று மாலை நாம் போடும் சிட்டையில் இருக்கிறது.